ஹாப்பர் டிரையர் அடிக்கடி டிரிப் ஆகிறதா? முதலில் காற்றைப் பாருங்கள்

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன மோல்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். ஏபிஎஸ் பிளாஸ்டிக் மணிகளை மோல்டிங்குக்கு முன் சூடான காற்றில் காயவைக்கும் ஹாப்பர் டிரையரில் 80 டிகிரி வைத்தால் டிஸ்பிளே 70-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் ஹீட்டர் பெட்டி கைவைக்க முடியாமல் கொதித்து, அரை மணிக்கொரு தரம் டிரிப் ஆகிறது (அதிகச் சூட்டில் தானாக அணைகிறது). ஈபி கேபிள் வேலை முடிந்த வாரத்திலிருந்துதான் இந்தத் தொல்லை. எலக்ட்ரீஷியன் கன்ட்ரோலரை மாற்றிப் பார்த்தார். இப்போது டிரிப்பை பைபாஸ் செய்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: கூடாது. அந்த டிரிப் ஒன்றுதான் இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது.

பெட்டி கொதிக்கிறது, ஹாப்பருக்குச் சூடு போய்ச் சேரவில்லை என்றால் ஹீட்டர்மேல் பழியில்லை; சூட்டை எடுத்துப் போகும் காற்று குறைந்திருக்கிறது. கேபிள் வேலையில் மூன்று ஃபேஸ் வயர்களின் வரிசை மாறி இணைக்கப்பட்டு, காற்றைத் தள்ளும் புளோயர் தலைகீழாகச் சுற்றுகிறது என்பதே என் முதல் சந்தேகம். இதில் ஏமாறாதவர்கள் குறைவு. தலைகீழாகச் சுற்றும் டேபிள் ஃபேன் மாதிரி இது காற்றை உள்ளே இழுக்காது. சென்ட்ரிஃபியூகல் புளோயர் எந்தப் பக்கம் சுற்றினாலும் அதே வாய் வழியாகத்தான் ஊதும், ஆனால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். கை வைத்துப் பார்ப்பவர் 'காத்து வருது சார்' என்று சொல்லிவிடுவார். மோல்டிங் மெஷினில் பம்ப் தலைகீழாகச் சுற்றினால் பிரஷரே ஏறாது. அதை அன்றைக்கே மாற்றியிருப்பார்கள். டிரையரை யார் பார்த்தார்கள்?

புளோயரை ஒரு நொடி போட்டு நிறுத்துங்கள். நிற்கப்போகும் நேரத்தில் மோட்டாரின் ஃபேன் எந்தப் பக்கம் சுற்றுகிறது, புளோயர் உடம்பில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பாருங்கள். மாறியிருந்தால் மெயினை அணைத்துவிட்டு, டிரையருக்கு வரும் மூன்று ஃபேஸில் ஏதாவது இரண்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மெயின் போர்டில் கை வைத்தால் மோல்டிங் மெஷின் மறுபடி தலைகீழாகும். கையோடு, ஃபேஸ் வரிசை மாறினால் மோட்டாரை ஓடவிடாத ஃபேஸ் சீக்வென்ஸ் ரிலே ஒன்றும் போட்டுவிடுங்கள். ஈபி வேலை இதோடு முடிந்துவிடாது.

சுற்று சரியாக இருந்தால் ஃபில்டரைக் கழற்றுங்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் கழிவை அரைக்கும் கிரைண்டர் ஓடினால் அது கம்பளிபோல் அடைத்திருக்கும். ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

கன்ட்ரோலர் புதிது என்கிறீர்களே, அதில் இன்னொரு வம்பு உண்டு. சூட்டை அளக்கும் உங்கள் சென்சார் (தெர்மோகப்பிள்) 'கே' டைப்பாக இருந்து கன்ட்ரோலரில் 'ஜே' என்று வைத்திருந்தால், உள்ளே சுமார் 94 டிகிரி இருக்கும்போது டிஸ்பிளே 80 என்று காட்டும். காற்று சரியான பிறகு ஏபிஎஸ் கட்டி தட்டினால் இங்கேதான் தேட வேண்டும்.

கடைசியாக, செட்டிங்கை 20-க்கு இறக்கிவிட்டு ஹீட்டர் வயரில் கிளாம்ப் மீட்டர் போடுங்கள். பூஜ்யம் காட்டாவிட்டால் ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் கான்டாக்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அதே வேலையைச் செய்யும் எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே) ஷார்ட். அதை மாற்றும்வரை டிரையரை ஓட்டாதீர்கள்.