டி.என்.ஏ. சேதம், அதைச் சரிசெய்யும் வேலை: கேள்வி பதில்

செல்லுக்குள் டி.என்.ஏ. எப்படிக் கெடுகிறது, எப்படிச் சரியாகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. கேட்டவர்களுக்கு முடிந்தவரை பதில்.

மாணவி ஒருவர்: அக்கா, சிகரெட், வெயில் இரண்டையும் தவிர்த்தால் டி.என்.ஏ. கெடாதுதானே?

கெடும்மா. உடம்புச் சூடும் செல்லில் இருக்கும் தண்ணீருமே போதும். ஒரு செல்லில் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 டி.என்.ஏ. எழுத்துகள் (வரிசையாகக் கோத்திருக்கும் வேதிப் பொருள்கள்) தானாகவே கழன்று விழுகின்றன, அது போக சைட்டோசின் என்ற எழுத்து அங்கங்கே, டி.என்.ஏ.வில் இருக்கக் கூடாத யுராசிலாக மாறிவிடும். அதைத் தேடிப் பிடித்து வெட்டி எடுக்கவே தனி நொதி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த தோமாஸ் லிண்டாலுக்கு 2015-இல் வேதியியல் நோபெல் கிடைத்தது (பால் மோட்ரிச், அசீஸ் சஞ்சார் இருவருடன் சேர்த்து).

இன்னொருவர்: சரிசெய்யும் வேலை நின்றுபோனால் என்ன ஆகும்?

சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோயைப் பாருங்கள். புற ஊதாக் கதிர் பட்டால் டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் என்ற எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். நம் செல்கள் அந்த இடத்தில் சுமார் 30 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்பும். இந்தக் குழந்தைகளுக்கு அது சரியாக நடப்பதில்லை. சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய் வருகிறது.

ஒரு மகள்: அம்மாவுக்கு பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் கோளாறு என்கிறார்கள். எனக்கும் புற்றுநோய் நிச்சயமா?

இல்லைங்க. முதலில், அது உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதிதான், பரிசோதித்தால் தெரிந்துவிடும். வந்திருந்தாலும் ஆபத்து அதிகம் என்றுதான் அர்த்தம், மரபணு ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் சேர்ந்து அறுந்தால் பிழையில்லாமல் இணைக்க உதவும் மரபணு அது. அதற்கு ஒரு செல்லில் இரண்டு பிரதி உண்டு; கெட்டது போக மிச்சமிருந்த நல்ல பிரதியும் போய்விட்ட புற்றுநோய்ச் செல், டி.என்.ஏ.வைச் சரிசெய்ய உதவும் பார்ப் என்ற நொதியை நம்பித்தான் பிழைக்கிறது. ஒலாபரிப் மாத்திரை அந்த பார்ப்பை முடக்கினால் செல் காலி! உடம்பின் மற்ற செல்களில் ஒரு நல்ல பிரதி மிச்சமிருப்பதால் அவை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். எந்தக் குறையால் நோய் வந்ததோ அதையே பிடித்து நோயை அடிப்பது, இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இதை 2005-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள், 2014-இல் சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக ஒலாபரிபுக்கு அனுமதி கிடைத்தது. சில கட்டிகள் மரபணுவைத் திரும்பச் சரிசெய்துகொண்டு மருந்துக்குத் தண்ணி காட்டுவதும் நடக்கிறது.

உடற்பயிற்சி ஆர்வலர்: டி.என்.ஏ. சேதத்தைத் தடுக்க ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிடலாமா?

காசை மிச்சம் பண்ணுங்கள். ஃபின்லாந்தில் புகைப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் கூடத்தான் செய்தது. 1994-இலேயே வெளிவந்த முடிவு.

அவரே மறுபடியும்: அப்போ சரிசெய்யும் திறனைக் கூட்ட மருந்து வந்தால் நல்லதுதானே?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. டெமோசோலோமைடு என்ற மருந்து மூளைக் கட்டியின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தித்தான் கொல்கிறது. கட்டியில் எம்.ஜி.எம்.டி. என்ற நொதி நிறைய இருந்தால் அந்தச் சேதத்தைச் சரிசெய்துவிடும், மருந்து அவ்வளவாக வேலை செய்யாது.