பிரிட்டனில் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ வீடுகள் ஏன் குறைந்து வருகின்றன?

குடும்பம் ஒன்று தான் வாழும் வீட்டிலேயே சில அறைகளை வாடகைக்கு விட்டு, காலை உணவும் சமைத்துத் தரும் இம்முறை தளர்ந்ததற்கு, வீடுகளையும் அறைகளையும் குறுகிய கால வாடகைக்கு விட உதவும் இணையதளமான ஏர்பிஎன்பி மட்டுமே காரணம் என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சரிவு அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது.

வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள கடற்கரை நகரான பிளாக்பூலை எடுத்துக்கொள்ளுங்கள். லங்காஷயரின் பஞ்சாலை நகரங்கள் கோடையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு வாரம் ஆலைகளை மூடியபோது, தொழிலாளர் குடும்பங்கள் ரயிலேறி அந்தக் கடற்கரைக்கு வந்தன. பல குடும்பங்கள் ஆண்டுதோறும் அதே வீட்டுக்கார அம்மாவிடமே தங்கின. ஆலைகள் நலிந்ததும், 1960களிலிருந்து ஸ்பெயினுக்கு மலிவான விமானச் சுற்றுலாக்கள் பெருகியதும் அந்த வழக்கத்தின் வேரையே அறுத்தன. 1980களில் டிராவல்லாட்ஜ் போன்ற விடுதித் தொடர்கள் அறைதோறும் தனிக் குளியலறையுடன் குறைந்த விலையில் வந்தபோது, ஒரே குளியலறையைப் பலர் பகிர்ந்துகொண்ட பழைய வீடுகள் ஈடுகொடுக்கத் திணறின.

ஏர்பிஎன்பி இவற்றுக்கெல்லாம் பிறகு, 2008இல்தான் வந்தது. காற்று மெத்தையும் காலை உணவும் என்பதே அப்பெயரின் மூலம். இன்றோ அதில் பெரும்பாலும் கிடைப்பவை உரிமையாளர் உடன் வாழாத முழு வீடுகள்.

இவற்றோடு உழைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். விடியுமுன் எழுந்து சமைத்து, நாள்தோறும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சொந்த வீட்டிலேயே ஓய்வின்றி வாழும் இத்தொழிலைப் பிள்ளைகள் ஏற்க விரும்பாதபோது, பெற்றோர் ஓய்வுபெறும் நாளில் அவ்வீடு சாதாரணக் குடியிருப்பாக விற்கப்பட்டுவிடுகிறது.