சம்பு முன்னேறியதா, தண்ணீர் பின்வாங்கியதா?

கேள்வி: சுசீந்திரம் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தில் தாமரையை ஒதுக்கிவிட்டு வெங்காயத்தாமரையும், கோரை போல் உயர்ந்து வளரும் சம்பும் பெருகிவருவதாகத் தெரிகிறது. குளம் தூர்ந்துவிட்டது என்கிறார்கள் பெரியவர்கள். மடை திறந்து தண்ணீர் இறங்கியதால்தான் அப்படித் தோன்றுகிறது என்கிறார் பாசன சங்கத்துக்காரர். பள்ளி மாணவர்கள் சிலரை வைத்துக்கொண்டு, குறைந்த செலவில் இதை எப்படிக் கண்காணிப்பது? – ஓர் ஆசிரியை, அகஸ்தீஸ்வரம் வட்டம்.

பதில்: செடிகளை மட்டும் கணக்கெடுத்தால் இந்த வழக்கு தீராது. அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்துக் குறித்தால்தான் யார் சொல்வது சரி என்று தெரியும். அதனால் மட்டத்திலிருந்தே தொடங்குங்கள்.

பெரும்பாலோர் ஒரு கம்பில் கோடு போட்டுச் சேற்றில் நட்டுவிடுவார்கள். ஆறே மாதத்தில் கம்பு கொஞ்சம் புதையும், எருமை உரசிச் சாயும். பிறகு எழுதுகிற எண்ணெல்லாம் வீண். அசையாத ஒன்று வேண்டும்; உங்கள் குளத்தில் அது மறுகால் சுவர், அதாவது குளம் நிறைந்தால் உபரி நீர் வழிந்தோடும் சுவர். அதன் மேல்விளிம்பைப் பூஜ்யமாக வையுங்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயைக் கொண்டு அந்த மட்டத்தை மடைச் சுவருக்குக் கொண்டுவந்து, அங்கே அளவுகோலை வரையலாம். ‘மறுகாலுக்கு 42 செ.மீ. கீழே’ என்று எழுதினால், பத்து ஆண்டு கழித்து வேறொருவர் அளந்தாலும் ஒப்பிட முடியும்.

விடியற்காலையில் பாருங்கள். மேற்கிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி வீசும் ஆடிக்காற்று அடிக்கத் தொடங்கினால் தண்ணீர் கிழக்குக் கரைப் பக்கம் சற்றே ஏறி நிற்கும். அலை இருந்தால் மேடும் பள்ளமும் பார்த்து நடுவை எடுங்கள். வாரம் ஒரு முறை போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், மடை திறந்திருக்கும் நாட்களிலும் தினமும் வேண்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம், போதாததற்கு அணைத் தண்ணீர் வேறு. ஆகவே மழை, மடை, கால்வாய் மூன்றின் நிலையையும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதாவிட்டால் பின்னால் காரணம் பிடிபடாது. பத்து ஹெக்டேர் குளத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது பத்து லட்சம் லிட்டர் என்று மாணவர்களிடம் சொல்லுங்கள். அளவுகோலை அலட்சியமாகப் பார்க்க மாட்டார்கள்.

இனி செடிகள். கரையில் ஒரு கல்லிலிருந்து எதிர்க்கரைப் பனை ஒன்றை நோக்கி நேர்கோடு பிடியுங்கள். ஒவ்வொரு ஐந்து மீட்டருக்கும், ஒரு மீட்டர் சதுரமான பிவிசி குழாய்ச் சட்டத்தை நீரில் மிதக்கவிட்டு, உள்ளே எந்தச் செடி எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று எழுதுங்கள். சட்டத்தின் ஒரு பக்கம் கழற்றும்படி இருக்கட்டும். இல்லையென்றால் சம்புக்குள் நுழையாது. தாமரை இலைக்கு அடியில் வேலம்பாசியும் இருக்கும் என்பதால் கூட்டினால் நூறைத் தாண்டலாம், அது தவறல்ல. அதே இடத்தில் மூங்கில் கழியால் ஆழத்தையும் அளந்துவிடுங்கள். உங்கள் கேள்விக்கு விடை அந்தக் கழியில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு, மறுகாலிலிருந்து கணக்கிட்ட நீர்மட்டம் அதேதான், ஆனால் சட்டம் வைத்த இடத்தில் ஆழம் குறைந்து சம்பும் வந்திருக்கிறது என்றால் பெரியவர்கள் வென்றார்கள்: வண்டல் படிந்திருக்கிறது. ஆழம் குறைந்த அளவுக்கு மட்டமும் இறங்கியிருந்தால் சங்கத்துக்காரர் பக்கம் நியாயம்.

வெங்காயத்தாமரைக்கு மட்டும் இந்தச் சட்டம் உதவாது. அதற்கு வேர் தரையில் இல்லை. இன்று மேற்கே, நாளை கிழக்கே. கரையில் மூன்று இடங்களை நிரந்தரமாக வைத்து, மாதம் ஒரு முறை அதே திசையில் படம் எடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் உண்டு. ஆனால் அதில் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டர். தாமரையும் வெங்காயத்தாமரையும் ஒரே பச்சையாகத் தெரியும். மழைக்காலத்தில் மேகம்தான் தெரியும். பசுமையின் மொத்தப் பரப்புக்கு அது போதும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

உங்கள் குளம் சுசீந்திரம் – தேரூர் – மணக்குடி பாதுகாப்புக் காப்பகத்துக்குள் வருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். நம் மாவட்டத்தில் 94.23 ஹெக்டேர் கொண்ட சுசீந்திரம் – தேரூர் வளாகமும், 19.75 ஹெக்டேர் கொண்ட வேம்பன்னூரும் 2022 முதல் ராம்சார் தலங்கள், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள். உங்கள் குளம் காப்பகத்துக்குள் வந்தால் வனத்துறையின் அனுமதி வேண்டும். மடையில் வண்ணம் பூச, குளம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களைக் கேட்க வேண்டும். இலைக்கோழி மிதக்கும் இலைமேலேயே முட்டையிடும். கூடு கண்டால் அன்று அந்தக் கோட்டில் அளக்க வேண்டாம்.

மாணவர்கள் கரையில் நின்று எழுதட்டும். நீரில் இறங்க, தாமரை பறிப்பவர் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழையுங்கள். சேறு எங்கே இழுக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். சம்பு எந்த மூலையில் முதலில் தலைகாட்டியது என்பதும் அநேகமாக அவருக்குத் தெரிந்திருக்கும்.