ஈரல் வெட்டில் பச்சைப் பின்னணி: 800 நனோமீற்றர் சாயத்துக்கு மாறத்தான் வேண்டுமா?

கேள்வி: கல்முனையிலிருந்து முதுமாணி ஆய்வு மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். சுண்டெலியின் ஈரலில் ஒரு புரதம் இருக்குமிடத்தைக் காட்டுவதற்காக, பச்சையாக ஒளிரும் புளோரெசீன் சாயம் பிணைத்த பிறபொருளெதிரியை (அந்தப் புரதத்தைத் தேடி ஒட்டும் புரதம்) பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் எதுவும் இடாத வெட்டும், அதாவது இழையத்தின் மெல்லிய சீவலும், ஏறக்குறைய அதேயளவு ஒளிர்கிறது. செந்நிறக்கீழ் எல்லையில், 800 நனோமீற்றர் அளவில் ஒளிரும் சாயத்துக்கு மாறும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. எந்தச் சாயத்தை வாங்குவது, எப்படிப் பிணைப்பது, கண் வைத்தியத்தில் பயன்படும் இந்தோசயனைன் பச்சையையே பிணைக்க முடியாதா என்று கேட்கிறார்.

பதில்: எதுவும் இடாத வெட்டையும் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள், அதனால்தான் கோளாறு எங்கே என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஈரல் இழையம் தன்னளவிலேயே ஒளிரக்கூடியது. அதிலுள்ள பிளேவின்களும் லிப்போபியூசின் துணிக்கைகளும் நீல ஒளியை உறிஞ்சிப் பச்சையையும் மஞ்சளையும் வெளிவிடுகின்றன. பதப்படுத்தும் திரவமான போமலினில் நெடுநேரம் ஊறிய இழையத்தில் இது இன்னும் கூடும். அலைநீளம் 650 நனோமீற்றரைத் தாண்டும்போது இந்தப் பின்னணி வெகுவாகக் குறைகிறது. ஈமோகுளோபினின் உறிஞ்சலும் அங்கே தணிந்துவிடுகிறது. 900 நனோமீற்றருக்கு அப்பால் நீரின் உறிஞ்சல் தொடங்கும்வரை ஒளி இழையத்தினூடாக ஓரளவு தாராளமாகச் செல்கிறது.

ஆனால் ஒளி ஆழமாகச் செல்வதன் பயன் உயிருள்ள விலங்கை முழுதாகப் படமெடுப்பவருக்கே உரியது. 5 மைக்றோமீற்றர் தடிப்புள்ள வெட்டில் ஆழம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்களுக்கு வேண்டியது பின்னணி குறைவது மாத்திரம். அதற்கு 800 வரை போகத் தேவையில்லை. 650இல் உறிஞ்சி 670 அளவில் ஒளிரும் சை5 வகைச் சாயம் போதும் என்பதே என் முடிவான கருத்து.

சாயத்துக்குப் பணம் கட்டுமுன் நுணுக்குக்காட்டியைத் திறந்து பாருங்கள். வடிகட்டிக் கட்டைகளின் விளிம்பில் அலைநீளங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் 640 அளவில் ஒளியூட்டி 690 அளவில் ஒளியைப் பெறும் கட்டை ஒன்று இருக்கவேண்டும். சாதாரண இரச விளக்கு சிவப்புப் பகுதியில் வலுக்குறைந்தது, சிவப்பு எல்.ஈ.டி. இருந்தால் நல்லது. சாயமூட்டிய வெட்டுகளைப் படமெடுக்கும் வண்ணக் கமராக்கள் பலவற்றில் செந்நிறக்கீழ் ஒளியைத் தடுக்கும் கண்ணாடி பொருத்தப்பட்டிருப்பதால், 800இல் ஒளிரும் சாயம் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் படம் கருமையாகவே வரும். கறுப்பு வெள்ளைக் கமராவே வேண்டும். 700க்கு மேற்பட்ட ஒளி கண்ணுக்கும் தெரியாது என்பதால், கண்வில்லையில் ஒன்றும் காணவில்லை என்று பரிசோதனையைக் கைவிட்டுவிடாதீர்கள்.

இந்தோசயனைன் பச்சை 1950களின் பிற்பகுதியிலிருந்து மருத்துவத்தில் இருந்துவரும் நம்பகமான சாயம். ஆயினும் மருந்துக் குப்பியில் உள்ள வடிவத்தில் புரதத்தோடு உறுதியாகப் பிணையக்கூடிய தாக்குகூட்டம் இல்லை. அது இரத்தப் புரதமான அல்புமினில் ஒட்டிக்கொள்ளும். கழுவும்போது பிரிந்தும் போகும். பிணைப்பதற்கென மாற்றியமைக்கப்பட்ட வடிவம் விற்பனையில் உண்டு. ஆனால் பிறபொருளெதிரியில் பிணைந்த நிலையில் அதன் ஒளிர்வு பெரிதும் அடங்கிவிடுகிறது. உங்கள் வேலைக்கு அது உதவாது.

பிணைப்பதற்கு என்.எச்.எஸ். எசுத்தர் வடிவச் சாயத்தை வாங்குங்கள். அது புரதத்தின் லைசின் அமைன் கூட்டங்களோடு தாக்கமுறும். ஈரத்தோடும் தாக்கமுற்று நீர்ப்பகுப்படைந்துவிடும். பீ.எச். 7இல், பனிக்கட்டி வெப்பநிலையில், இந்த எசுத்தரின் அரைவாழ்வு 4 முதல் 5 மணித்தியாலம், பீ.எச். 8.6இல், 4 பாகை செல்சியசில், ஏறத்தாழ 10 நிமிடம் மட்டுமே. நம் கிழக்குக் கரையில், அதிலும் ஐப்பசிக்குப் பின்னான மாரியில், உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் உட்சுவரில் ஈரம் படியும். சாயத்தின் ஒரு பகுதி அங்கேயே வீணாகும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய சாடியில் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்த பின்பே திறவுங்கள். சாயத்தைக் கரைக்கும் கரைப்பானான டிஎம்எஸ்ஓவும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் திறந்து மூடிய போத்தலைத் தவிர்த்து, நீரற்றதெனக் குறித்த புதிய சிறு போத்தலைப் பயன்படுத்துங்கள்.

பிறபொருளெதிரி வந்த கரைசலில் டிரிஸ், கிளைசின், அல்புமின், ஜெலற்றின் இவற்றுள் எது இருந்தாலும் சாயத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். முன்கூட்டியே நீக்கி, 0.1 மோலார் சோடியம் இருகாபனேற்று, பீ.எச். 8.3க்கு மாற்றிவிடுங்கள். 1 மில்லிகிராம் பிறபொருளெதிரி என்பது ஏறத்தாழ 6.7 நனோமோல். அதைப்போல் ஆறு மடங்கு சாயம் என்றால் 40 நனோமோல். சாயத்தின் மூலக்கூற்று நிறை 1,000 எனக் கொண்டால் 40 மைக்றோகிராம். 1 மில்லிகிராம் சாயத்தை 100 மைக்றோலீற்றர் டிஎம்எஸ்ஓவில் கரைத்தால், அதில் 4 மைக்றோலீற்றர் எடுத்தால் சரி. மெதுவாகக் கலந்து, இருளில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். மூன்று, ஆறு, பத்து மடங்கு என மூன்று சிறு குழாய்களில் செய்து ஒப்பிடுவது இன்னும் நல்லது.

பிறகு, பெரிய மூலக்கூறுகளை முதலில் இறக்கிவிடும் செபடெக்ஸ் ஜி-25 நிரலினூடாக விடும்போது முதலில் இறங்கும் நீலப் பட்டை பிணைந்த பிறபொருளெதிரி. பின்தங்கி வருவது பிணையாத சாயம். இரண்டுக்கும் இடையே தெளிவான இடைவெளி தெரியவேண்டும், ஏனெனில் கலந்துவிட்ட சாயம் வெட்டெங்கும் ஒட்டி, நீங்கள் தப்பிவந்த பின்னணியை மறுபடி உண்டாக்கும். 280 நனோமீற்றரிலும் சாயத்தின் உச்சியிலும் உறிஞ்சலை அளந்து, சாயமும் 280இல் சிறிது உறிஞ்சுவதைக் கழித்து, ஒரு பிறபொருளெதிரிக்கு எத்தனை சாயம் என்று கணியுங்கள். 2 முதல் 4 வரை போதும். அதற்கு மேல் ஏற்றினால் சாயங்கள் நெருங்கி ஒன்றன் ஒளிர்வை மற்றொன்று அடக்கும். பிறபொருளெதிரியின் பிணைப்பிடமும் கெடலாம்.

இலக்குப் புரதத்தோடு சேராத, அதே வகைப் பிறபொருளெதிரி ஒன்றையும் இதே அளவு சாயத்தோடு பிணைத்து, பக்கத்து வெட்டில் இட்டுப் பாருங்கள்; அதுவும் ஒளிர்ந்தால், அந்த ஒளிர்வு இலக்குப் புரதத்தைக் காட்டுவதன்று. சுடான் கறுப்பு என்ற சாயம் கொண்டு பின்னணியை அடக்கும்படி யாராவது சொல்லக்கூடும். பச்சையில் அது உதவும், ஆனால் சிவப்பு எல்லையில் அதுவே ஒளிர்வதால் உங்களுக்கு ஏற்றதன்று.

பிணைத்ததை அலுமினியத் தாள் சுற்றி 4 பாகையில் வையுங்கள்; உறையவைத்து உருக்கினால் திரண்டுவிடும். ஒவ்வொரு முறையும் பயன்படுத்துமுன் மையநீக்கியில் சுழற்றி, மேல்திரவத்தை மாத்திரம் எடுங்கள்.