எம்எம்ஏ சண்டைக்காரர்களுக்கு நியாயமான காசு கிடைக்கிறதா?

கேள்வி: “கல்முனையில கிக்பொக்சிங் பழகுறன். யூஎஃப்சிக்குள்ள போனா வாழ்க்கை செட்டில் எண்டு பொடியனுகள் சொல்றானுகள். அங்க உண்மையிலேயே நியாயமான காசு குடுக்கிறாங்களா?”

தம்பி, யூஎஃப்சி என்பது எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக்கலை) சண்டைகளை நடத்தும் அமெரிக்க நிறுவனம். அங்கே உச்சியில் இருக்கும் சிலருக்குக் காசு கொட்டுகிறது. முதல் சண்டைகளில் இறங்குகிறவருக்கு நியாயம் இல்லை என்பதுதான் என் பதில். தொகை சின்னது என்பதற்காகச் சொல்லவில்லை. பேரம் பேசவே வழியில்லாமல் ஒப்பந்தம் எழுதுகிறார்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். புதிதாகச் சேருகிறவருக்கு அண்மைக் காலத்தில் வழக்கமான தொகை “12+12”. கூண்டுக்குள் இறங்கினால் 12,000 டொலர், வென்றால் இன்னொரு 12,000. மூன்று நடுவர்களில் இருவர் 29-28 என்று ஒரே ஒரு புள்ளி கூட்டி எதிராளிக்குப் போட்டாலே பாதிக் காசு போச்சு. அதோடு 2021இல் வந்த உடுப்பு ஒப்பந்தப்படி முதல் மூன்று சண்டைகளுக்குத் தலா 4,000. (2015க்கு முன் காற்சட்டையில் சொந்த ஸ்பொன்சர் பெயரைப் போட்டு இதைவிடக் கூட உழைத்தவர்கள் உண்டு. சீருடை வந்ததோடு அது நின்றது.) ஆக, தோற்றவருக்கு 16,000.

இனிக் கழிவு. சண்டை அமெரிக்காவில் என்றால் வெளிநாட்டவரிடம் 30 வீத வரியை முதலிலேயே பிடித்துவிடுவார்கள்: 4,800. பிறகு கணக்குக் காட்டி ஒரு பகுதியைத் திருப்பி எடுக்கலாம், அதைச் செய்துதர ஓர் ஆளுக்குக் காசு கொடுக்க வேண்டும். மனேஜருக்கு 15, ஜிம்முக்கு 10 வீதம் என்று வைத்தால் 12,000இல் 3,000. சண்டைக்கு முந்திய எட்டு வாரப் பயிற்சிக் கேம்புக்கு அறை வாடகை, சாப்பாடு, பிசியோ, கூண்டோரம் நின்று உதவக் கூடுதலாக வரும் ஆளின் டிக்கெட் என்று இறுக்கிப் பிடித்தாலும் இன்னொரு 3,000. மிச்சம் 5,200. டொலர் 300 ரூபாய் என்றால் 15 லட்சத்து 60 ஆயிரம். கல்முனையில் இருந்து பார்க்கப் பெரிய காசுதான். ஆனால் வருடத்துக்கு இரண்டு சண்டை, மிஞ்சினால் மூன்று. முழங்கால் சவ்வு அறுந்தால் மாதக்கணக்கில் சும்மா இருக்க வேண்டும். சத்திரசிகிச்சையைக் காப்புறுதி பார்க்கும், வீட்டு வாடகையைப் பார்க்காது.

நிறையும் கவனம். லைட்வெயிட்டுக்கு 155 இறாத்தல், பட்டச் சண்டை இல்லையென்றால் ஒரு இறாத்தல் சலுகை. தண்ணீர் வற்றிய உடம்பு கடைசி இரவில் வியர்க்க மறுக்கும். காலையில் தராசு 156.5 காட்டினால் குறைந்தது 20 வீதம் எதிராளிக்குப் போவதுதான் வழக்கம். அரை இறாத்தலின் விலை 2,400 டொலர்.

போடியார் (வயல் சொந்தக்காரர்), முல்லைக்காரர் (அவருடைய வயலைச் செய்கிறவர்) கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. விதைநெல், முன்பணம் எல்லாம் கழித்துக் களத்தில் மிஞ்சுவதுதான் முல்லைக்காரருக்கு. ஆனாலும் கடன் தீர்ந்தால் அடுத்த போகம் வேறு போடியாரிடம் போகலாம். இங்கே அதுதான் கஷ்டம். ஒப்பந்தம் பெரும்பாலும் நான்கு சண்டைக்கு. நிறுவனம் தோல்விக்குப் பிறகு இடையில் கழற்றிவிடலாம், நீங்கள் போக முடியாது. காயத்தில் இருக்கும் காலமும் சண்டையை மறுக்கும் காலமும் ஒப்பந்தத்தின் பின்னால் சேரும். முடிந்த பிறகும் வேறொருவர் தரும் விலையை அவர்களே கொடுத்து உங்களை வைத்துக்கொள்ளும் உரிமை இருக்கும். பிரான்சிஸ் நகானு 2022 ஜனவரியில் ஹெவிவெயிட் பட்டத்தைக் காக்க வாங்கியது 6 லட்சம் டொலர். ஒப்பந்தம் முடியும்வரை காத்திருந்து 2023இல் வெளியேறி, டைசன் ஃப்யூரியுடன் குத்துச்சண்டை போட்டபோது அதைப் போலப் பல மடங்கு உழைத்தார்.

இந்தப் பிடியை எதிர்த்துத்தான் 2014இல் முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். வருமானத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குதான் வீரர்களுக்குப் போகிறது என்பது அந்த வழக்கில்தான் வெளியே வந்தது. வழக்கு 375 மில்லியன் டொலர் இணக்கத்தில் முடிந்தது. என்பிஏ கூடைப்பந்தில் பாதியளவு வீரர்களுக்கே. அங்கே சங்கம் இருக்கிறது, இங்கே ஒவ்வொருவரும் தனி ஒப்பந்தக்காரர். குத்துச்சண்டையில் வருமானத்தை வீரருக்குக் காட்ட வைக்கும் முகமது அலி சட்டம் 2000இல் வந்தது, அது எம்எம்ஏயைத் தொடாது. அதற்காகக் குத்துச்சண்டையைச் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம், அங்கே நான்கு சுற்றுச் சண்டை போடும் புதியவர் சில நூறு டொலரோடு வீடு போவதும் உண்டு.

கிக்பொக்சிங் கையில் இருந்தால் நான் முதலில் பார்க்கச் சொல்வது பாங்கொக் லும்பினி அரங்கில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற ஆசிய நிறுவனம் நடத்தும் வெள்ளிக்கிழமைச் சண்டைகளை. நன்றாக முடித்தால் 350,000 பாத் போனஸ் கொடுத்திருக்கிறார்கள். எங்கே போனாலும் கையெழுத்துக்கு முன் மூன்று இடத்தை வாசியுங்கள்: எத்தனை சண்டை, எத்தனை மாதம், முடிந்த பிறகு யாருக்கு உரிமை. மனேஜரின் வீதம் சண்டைக் காசில் மட்டுமா, போனஸிலுமா என்று எழுத்தில் வாங்குங்கள். மனேஜர் உழைப்பது உங்கள் சண்டைக் காசில் இருந்துதான். “தாய்லாந்துக்கு அனுப்புறன், முதலில் மூன்று லட்சம் கட்டு” என்கிறவர் மனேஜர் இல்லை, ஏஜென்சிக்காரர்.