கண்டல் கன்றுகளை எண்ணப் போன பிள்ளை: ஒரு தாயாருக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதமும், அதனுடன் மகள் தனியாக எழுதி வைத்திருந்த ஒரு பக்கமும் கிடைத்தன. "ரெண்டு தரம் எழுதியும் டொக்டருக்குக் காணாமப் போயிட்டு. இப்ப கிழக்குப் பல்கலைக்கழகத்தில விஞ்ஞானம் கிடைச்சிருக்கு. அதைப் படிச்சிட்டு விஞ்ஞானக் கல்வி, சுற்றாடல் எண்டு ஆராய்ச்சி செய்யப் போறாவாம். இதுக்கு என்ன வேலை கிடைக்கும் ஐயா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. 2017இல் நம் பட்டதாரிப் பிள்ளைகள் வேலை கேட்டு மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் நாட்கணக்காக அமர்ந்திருந்ததைக் கண்ட எந்தத் தாயும் இதைக் கேட்கத்தான் செய்வார். வேலையைப் பற்றிப் பின்னர் விரிவாக எழுதுகிறேன். மகளின் பக்கத்தைத் தாங்கள் இன்னும் முழுமையாக வாசிக்கவில்லை என்று தோன்றுவதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

பத்தாம் ஆண்டில் படிக்கும்போது சுற்றாடல் முன்னோடிகளாக வாவிக் கரையில், உவர்நீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரக் கன்றுகள் நட்டதாகவும், அன்று படம் பிடித்ததாகவும், உயர்தரப் பரீட்சை முடிந்த பின் அந்தப் பக்கம் போனபோது கன்றுகளுக்குத் துணையாக ஊன்றிய கம்புகளில் சில மட்டும் நின்றதாகவும் எழுதியிருக்கிறார். பக்கத்தின் கடைசியில், "நட்டதை எல்லோரும் எண்ணினார்கள். இருப்பதை யாராவது எண்ணினார்களா?" என்று கேட்டிருக்கிறார். பதினைந்து வருடங்களுக்கு மேலாக மாணவர்களின் விண்ணப்பங்களை வாசித்து வருகிறேன். ஆராய்ச்சி செய்ய விரும்புகிறேன் என்று எழுதுபவர்கள் பலர். ஆராயத்தக்க ஒரு கேள்வியுடன் வருபவர்கள் மிகச் சிலர். தங்கள் மகள் கேள்வியுடன் வந்திருக்கிறார்.

அந்தக் கேள்வியைக் கேட்டு விடையும் கண்டவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர், கரையைக் காக்கும் என்ற நம்பிக்கையில் இலங்கையின் கரையோரங்களில் 1,000 ஹெக்டயருக்கும் அதிகமான பரப்பில் கண்டல் நடும் முயற்சிகள் நடந்தன. அவ்வாறு நடப்பட்ட 23 இடங்களுக்கு நேரில் சென்று பார்த்த ஆய்வாளர்கள் தமது முடிவை 2017இல் வெளியிட்டார்கள். 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சியிருக்கவில்லை. பாதிக்கு மேல் பிழைத்திருந்த இடங்கள் 3 மட்டுமே. வற்றும் பெருக்கும் எந்த மட்டத்துக்கு வருகின்றன என்று பாராமல் நட்டது, இடத்துக்கு ஒவ்வாத இனத்தை நட்டது, மாடுகள் மேய்ந்தது, நட்ட பின்னர் பராமரிக்காதது என்பன காரணங்களாகக் காணப்பட்டன. வாவியோரத்தில் வளர்ந்த ஒருவருக்கு இவற்றில் ஒன்றும் புதிதாக இராது. ஆயினும் எண்ணிக் காட்டிய பின்னர்தான் அடுத்த நடுகையை எங்கே, எப்படிச் செய்வது என்று பொறுப்பானவர்கள் யோசிக்க வேண்டிய நிலை வருகிறது. ஆராய்ச்சியின் பயன் இதுதான்.

இது சுற்றாடல் விஞ்ஞானத்தின் பக்கம். மகள் விரும்பும் துறைக்குக் கல்வி என்ற மற்றொரு பக்கமும் உண்டு. பெற்றோருக்கு விளங்கக் கடினமாக இருப்பது அதுவே. கன்று நட்ட அந்த நாளில் பிள்ளைகள் எதைக் கற்றார்கள், அது அவர்களிடம் எவ்வளவு காலம் நின்றது, நடத்தையில் எதையாவது மாற்றியதா என்பதையும் ஒழுங்கான முறையில் ஆராயலாம். நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் அம்பாறை மாவட்டத்தில் ஒரு பாடசாலைக்கு, பட்டப்படிப்பின் இறுதி ஆய்வைச் செய்துகொண்டிருந்த ஒரு மாணவருடன் சென்றிருந்தேன். பிளாஸ்டிக் எரிப்பது தீங்கானது என்ற கூற்றுக்கு ஏறத்தாழ வகுப்பு முழுவதும் "மிகவும் உடன்படுகிறேன்" என்று வினாக்கொத்தில் அடையாளமிட்டது. இடைவேளை முடிந்ததும் அதே வகுப்புப் பிள்ளைகள் இருவர், சோறு சுற்றி வந்த லஞ்ச் சீட்டுகளைத் தும்புத்தடியால் கூட்டிக் கொண்டுபோய் மதில் மூலையில் குவித்து நெருப்பு வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்வதற்கில்லை. அன்று அவர்களுடைய முறை, செய்யச் சொன்ன வேலையைச் செய்தார்கள். மாணவர் அவர்களில் ஒருவனிடம், "இந்தப் புகை எங்கே போகும்?" என்று கேட்டார். "மேல போய் இல்லாமப் போயிடும் சேர்" என்றான் அவன்.

அந்த ஒரு வாக்கியம் அவருடைய ஆய்வையே மாற்றியது. புகை இல்லாமற் போய்விடும் என்று நம்பும் பிள்ளைக்கு வாயுவும் ஒரு சடப்பொருள், அதற்கும் திணிவு உண்டு என்பது இன்னும் மனதில் பதியவில்லை. பாடப்புத்தகத்தில் அதைப் படித்துச் சரியான விடையும் எழுதியிருப்பான். ஆனால் எரியும் குவியலின் முன் நிற்கும்போது அந்தப் பாடம் அவன் உதவிக்கு வரவில்லை. நெல்லை எடுத்தாலும் இதே கதைதான். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளிடம், ஒரு கைப்பிடி விதை ஒரு மூட்டை நெல்லாகும்போது அவ்வளவு நிறையும் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். மண், தண்ணீர், யூரியா என்று சொல்வார்கள். காற்று என்று சொல்பவர் அரிது. வன் ஹெல்மொண்ட் என்பவர் உலர்ந்த மண் 200 இறாத்தல் இட்ட தொட்டியில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்து நிறுத்தபோது மரம் 169 இறாத்தல் இருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ். அவர் இறந்த பின், 1648இல் அச்சான இந்தக் கணக்கை வைத்து அவரே எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்றுதான் முடிவு செய்தார். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டின் பங்கு தெரியவர மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அறிஞர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்ததை ஒரு பாடவேளையில் பிள்ளை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

காற்றை ஒன்றுமில்லாத வெளியாக எண்ணும் பிள்ளைக்கு ஒளித்தொகுப்பும் விளங்காது, பிளாஸ்டிக் புகையின் நஞ்சும் விளங்காது, காலநிலை மாற்றமும் விளங்காது. சுற்றாடலைக் காப்போம் என்று எத்தனை பதாகை பிடித்தாலும் அடியில் இருக்கும் அந்த மாற்றெண்ணக்கரு, அதாவது பாடத்துக்கு மாறாக மனதில் ஊன்றிய எண்ணம், அசைவதில்லை. அதைக் கண்டுபிடித்து, எந்தச் செயற்பாட்டால் மாற்றலாம் என்று முன்சோதனையும் பின்சோதனையும் வைத்து, வேறு முறையில் கற்ற இன்னொரு வகுப்புடன் ஒப்பிட்டு, சில மாதம் கழித்தும் நிற்கிறதா என்று பார்ப்பதே தங்கள் மகள் செய்ய விரும்பும் ஆராய்ச்சி. இது இரண்டாந்தரமான வேலை என்று யாராவது தங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் பிரதேசத்துக்கே உரிய கேள்விகளுக்கும் குறைவில்லை. உலகச் சுற்றாடல் தினம் ஜூன் 5இல் வருகிறது. 1972இல் ஸ்டொக்ஹோம் மாநாட்டையொட்டி ஐக்கிய நாடுகள் சபை தெரிந்தெடுத்த நாள் அது. மட்டக்களப்பில் அது கச்சான் காற்று அடித்து நிலம் வெடிக்கும் காலம். நமக்கு மழை ஐப்பசி தொடங்கித்தான். பாடசாலை வளவில் வேம்பும் மருதும் ஜூனில் நட்டு, ஆகஸ்ட் விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் விடுவதைவிட, அதே நிகழ்வை மாரி தொடங்கும்போது வைத்தால் எத்தனை பிழைக்கும்? இரண்டு பாடசாலைகளை வைத்து ஒரு மாணவரே செய்து முடிக்கக்கூடிய ஆய்வு இது. எனக்குத் தெரிந்த அளவில் மிகவும் தேவையானதும்கூட.

இனி வேலை. மகளின் ஆராய்ச்சி ஆசையையும் வருமானத்தையும் ஒரே கயிற்றில் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்றவருக்கு இயல்பான முதல் வாசல் ஆசிரியர் சேவை. கல்குடா, மட்டக்களப்பு மேற்கு போன்ற கல்வி வலயங்களின் தூரப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத குறையைத் தாங்களே அறிவீர்கள். நியமனம் பரீட்சை, நேர்முகத்தேர்வு ஆகியவற்றின் வழியே வருவது. காத்திருக்கவும் நேரலாம், அதை மறைக்க மாட்டேன். ஆசிரியராகிய பின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் திறந்த பல்கலைக்கழகம் முதலியவற்றில் வேலையில் இருந்தபடியே படிக்கலாம். அதன்பின் முதுகல்விமாணி, விருப்பமும் பொறுமையும் இருந்தால் முதுதத்துவமாணி, கலாநிதி என்று மேலே போகலாம். பேராதனையிலுள்ள விஞ்ஞானப் பட்டப்பின் கல்வி நிறுவனத்தில் விஞ்ஞானக் கல்வி தனியொரு கற்கைத் துறையாகவே இருக்கிறது. இந்தப் பாதையில் தினமும் நுழையும் வகுப்பறையே ஆய்வுகூடம் ஆகிவிடுவதால், படிப்புக்காகச் சம்பளத்தை விடவேண்டிய நிலை பெரும்பாலும் வராது. ஆசிரிய ஆலோசகர், கல்வியியல் கல்லூரி விரிவுரையாளர், தேசிய கல்வி நிறுவகத்தில் பாடத்திட்டம் ஆக்குபவர் ஆகியோரும் பெரும்பாலும் இவ்வழியாகவே உருவாகிறார்கள்.

பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆவதுதான் கனவு என்றால் கணக்கு வேறு. மூன்று வருடப் பொதுப் பட்டத்துடன் நிற்காமல் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகி, முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு எடுக்க வேண்டும். அதற்கான உழைப்பு முதல் வருட முதல் அரையாண்டிலேயே தொடங்குகிறது. தாவரவியலோ விலங்கியலோ இரசாயனவியலோ, ஒரு விஞ்ஞானத்தில் அவர் ஆழக் காலூன்ற வேண்டும் என்றும் வலியுறுத்துவேன். சுற்றாடலில் அக்கறை உண்டு, ஆனால் நீரில் கரைந்த ஒட்சிசனை அளக்கத் தெரியாது என்ற நிலையில் எவரும் நல்ல ஆய்வாளராக முடியாது. கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையில் படிக்கும்போதே கலைப் பீடத்தின் கல்வி, பிள்ளைநலத் துறையினரிடமும் போய்ப் பேசட்டும். இரு பீடங்களுக்கும் இடையில் நடப்பதற்குப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள், கூச்சப்படத் தேவையில்லை. மத்திய சுற்றாடல் அதிகார சபை, கரையோரம் பேணல் திணைக்களம், நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாரா போன்ற இடங்களில் இருக்கும் பதவிகள் எண்ணிக்கையில் குறைவு. விண்ணப்பிக்கலாம், அதை நம்பி மட்டும் இருக்க வேண்டாம்.

மூன்றாம் தரமும் உயர்தரம் எழுத விடுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். மருத்துவம் மகளின் சொந்த ஆசையாக இருந்தால் எழுதட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். அவருடைய பக்கத்தில் மருத்துவம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை, அம்மா.

ஆங்கிலத்தைப் பற்றிய தங்கள் கவலை சரியானதே. விரிவுரைகளும் ஆய்வுக் கட்டுரைகளும் ஆங்கிலத்தில் இருக்கும். முதல் வருடம் சிரமப்படுவார், பின் பழகிவிடும். தமிழில் நுணுக்கமாகக் கேட்கத் தெரிவதும் இந்தத் துறையில் அதே அளவு தேவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாவியைப் பாடப்புத்தகம் "களப்பு" என்கிறது; நம் ஊரின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் கரையில் வாழும் பிள்ளைக்கு அது "ஆறு". களப்பு மாசடைந்துள்ளதா என்று வினாக்கொத்தில் கேட்டால் தன் வீட்டுப் பின்பக்கத்து ஆற்றைத்தான் கேட்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே போகலாம். வேறு நாட்டில் ஆக்கிய வினாக்களை மொழிபெயர்த்து வைத்து இப்படிப் பிழையாகிப்போன ஆய்வுகளை நான் கண்டிருக்கிறேன். தங்கள் மகளுக்கு இரண்டு சொல்லும் தெரியும். அந்த அறிவு எந்தப் பட்டத்தாலும் கிடைக்காது.

பெண்பிள்ளை தனியே வாவிக்குள் இறங்குவாரோ என்று பயப்பட வேண்டாம். களவேலைக்குக் குழுவாகவே போவார்கள். வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும், அதிபர், பெற்றோர் சம்மதமும் இல்லாமல் பாடசாலையில் ஆய்வு நடத்தவும் முடியாது. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் என்னவாகும், முதலை எந்தப் பக்கம் கிடக்கும் என்பவற்றை அவருடைய தகப்பனார் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்.

பல்கலைக்கழகம் தொடங்கச் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் ஒரு சிறு வேலையை அவர் செய்து பார்க்கட்டும். பழைய பெயின்ற் வாளி மூடியொன்றுக்கு வெள்ளை அடித்து, அடியில் ஒரு கல்லும் நடுவில் நைலோன் கயிறும் கட்டி, கயிற்றில் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட வேண்டும். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், தகப்பனார் தோணி கட்டும் துறையில் அதைத் தண்ணீரில் இறக்கி, மூடி கண்ணுக்கு மறையும் இடத்தில் முடிச்சை எண்ணிக் கொப்பியில் எழுதட்டும். 1865இல் இத்தாலியப் பாதிரியார் செக்கி செய்து காட்டிய இந்த முறையில்தான் இன்றும் நீரின் தெளிவை உலகெங்கும் அளக்கிறார்கள். மழை பெய்ததா, முகத்துவாரம் வெட்டியிருந்ததா, வயல் தண்ணீர் வடிந்து வந்ததா என்பதையும் பக்கத்தில் குறிக்கட்டும். எட்டு வாரம் விடாமல் குறித்து, எண்கள் ஏன் மாறுகின்றன என்ற யோசனை அவரை விடாமல் பிடித்துக்கொண்டால், இந்தப் பாதை அவருக்கு ஏற்றது. மூன்றாம் வாரமே சலித்துவிட்டால் அதுவும் இப்போதே தெரிந்துகொள்ளவேண்டிய செய்திதான். அப்போது வேறு வழிகளைப் பற்றிப் பேசுவோம்.

பதிவுக்கு முன்னர் ஒரு நாள் இருவரும் வாருங்கள். கொப்பியை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். கம்புகள் மட்டும் நின்ற அந்தக் கரைக்கும் மறுபடி போய் வந்திருந்தால், அங்கே கண்டதையும் அதிலேயே எழுதி வரட்டும்.