மைன்கிராஃப்டில் பூட்டிய டிஃபிகல்ட்டியைத் திறக்க முடியுமா?

கேள்வி: மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன் 1.20இல் விளையாடுகிறேன். டிஃபிகல்ட்டியை, அதாவது ஆட்டத்தின் கடின நிலையை, 'ஹார்ட்'டில் வைத்துப் பக்கத்தில் இருந்த பூட்டையும் அழுத்திவிட்டேன். இப்போது அந்தப் பட்டன் மங்கிக் கிடக்கிறது. உலகத்தை அழிக்காமல் 'ஈஸி'க்கு மாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு. பூட்டும்போது இனி மாற்றவே முடியாது என்று ஆட்டம் எச்சரித்திருக்கும். ஆனால் அந்தப் பூட்டு என்பது சேவ் ஃபைலுக்குள் இருக்கும் ஒரே ஒரு எண்தான்.

நிலை மட்டும் மாறினால் போதும் என்றால் ஃபைலைத் தொடவே வேண்டாம். பாஸ் மெனுவில் 'ஓப்பன் டு லேன்' போய், சீட்ஸை (கட்டளைகளுக்கான அனுமதி) ஆன் செய்து தொடங்குங்கள். சாட்டில் சாய்கோடு போட்டு 'டிஃபிகல்ட்டி ஈஸி' கட்டளையைக் கொடுங்கள். மெனுவைத்தான் பூட்டு தடுக்கும், இந்தக் கட்டளையைத் தடுக்காது. பூட்டு மட்டும் அப்படியே இருக்கும்.

பூட்டையே எடுக்க, முதலில் உலகத்தை விட்டு வெளியேறி ஆட்டத்தை முழுவதுமாக மூடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். உலகம் திறந்திருக்கையில் நீங்கள் எதைத் திருத்தினாலும், ஆட்டம் அடுத்த முறை சேவ் செய்யும்போது தன் நினைவில் உள்ள பழைய மதிப்பையே மேலே எழுதிவிடும். மூடுவதற்கு முன், உலகப் பட்டியலில் 'எடிட்' அழுத்தி 'மேக் பேக்கப்' கொடுத்துவிடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. உலகத்தின் ஃபோல்டரை, உலகங்கள் சேமிக்கப்படும் 'சேவ்ஸ்' ஃபோல்டருக்கு உள்ளேயே நகல் எடுத்தால் ஒரே பெயரில் இரண்டு உலகங்கள் தெரியும், தவறானதைத் திருத்திவிடுவீர்கள்.

திருத்த வேண்டிய ஃபைல், உலகத்தின் ஃபோல்டருக்குள் இருக்கும் 'லெவல் டாட்' (level.dat). இது ஜிஸிப் முறையில் சுருக்கப்பட்ட என்பிடி ஃபைல், அதாவது மைன்கிராஃப்ட் தன் தகவல்களைச் சேமிக்கும் வடிவம். நோட்பேடில் திறந்து சேவ் செய்தால் கெட்டுவிடும். 'என்பிடி எக்ஸ்ப்ளோரர்' மென்பொருளில் திறந்து, 'டேட்டா' கிளையை விரியுங்கள். 'டிஃபிகல்ட்டி லாக்ட்' என்ற வரியில் 1 இருக்கும். அதை இருமுறை கிளிக் செய்து 0 ஆக்குங்கள். அதே கிளையில் 'டிஃபிகல்ட்டி' வரியும் உண்டு: 0 பீஸ்ஃபுல், 1 ஈஸி, 2 நார்மல், 3 ஹார்ட். உங்களுக்கு 1. கன்ட்ரோல் எஸ் அழுத்திச் சேமியுங்கள். எண்களை மட்டும் மாற்றுங்கள், வரியின் பெயரையோ வகையையோ தொடாதீர்கள்.

பீஸ்ஃபுல் வைக்க ஆசைப்பட்டால் ஒரு கணம் யோசியுங்கள். உலகம் திறந்ததும் ஜாம்பிகள் மறைந்துவிடும். நேம் டேக் மாட்டிப் பெயர் வைத்த ஜாம்பியும் தப்பாது. குணப்படுத்தலாம் என்று அடைத்து வைத்திருக்கும் ஜாம்பி வில்லேஜரும் போய்விடும்.

இத்தனை செய்தும் நிலை ஹார்டிலேயே நிற்கிறதா? அதே கிளையில் 'ஹார்ட்கோர்' (ஒரே உயிர் மட்டும் உள்ள முறை) வரியைப் பாருங்கள். அது 1 ஆக இருந்தால், டிஃபிகல்ட்டிக்கு என்ன எண் கொடுத்தாலும் ஆட்டம் ஹார்டாகவே எடுத்துக்கொள்ளும், மேலே சொன்ன கட்டளையும் பலிக்காது. அதையும் 0 ஆக்குங்கள். ஹார்ட்கோரில் இறந்து ஸ்பெக்டேட்டராக (வெறும் பார்வையாளராக) மாட்டியிருப்பவர்கள் 'கேம் டைப்', 'பிளேயர்' கிளையில் உள்ள 'பிளேயர் கேம் டைப்' இரண்டையும் 0 ஆக்கினால் சர்வைவலுக்கு (வழக்கமாக விளையாடும் முறைக்கு) திரும்பலாம்.

உலகம் திறக்க மறுத்தால் பதற வேண்டாம். பக்கத்திலேயே 'லெவல் டாட் ஓல்ட்' (level.dat_old) என்ற முந்தைய பிரதி இருக்கும். கெட்ட ஃபைலை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, ஓல்ட் பிரதிக்கு அதன் பெயரை வையுங்கள்.

மைன்கிராஃப்டின் மற்றொரு பதிப்பான பெட்ராக் எடிஷனுக்கு இந்த ஃபைல் திருத்தும் வழிமுறை பொருந்தாது. அங்கும் ஃபைலின் பெயர் 'லெவல் டாட்' தான் என்றாலும், அது சுருக்கப்படாதது, தொடக்கத்தில் 8 பைட் தலைப்பு உண்டு, பைட் வரிசையும் தலைகீழ். அந்த வடிவத்தைப் படிக்கும் எடிட்டர் தனியே தேவை.